மாமி புளி, சித்தப்பா கடுகு

அந்தப் பையைக் காலுக்கடியில் தள்ளி வைத்துவிடுங்கள், ஆன்ட்டி. உடைகிற சாமான் ஒன்றும் இல்லை. ஒரு சட்டைதான். நாற்றம் அடித்தால் மன்னிக்க வேண்டும். நேற்று மழையில் எண்பது நிமிஷம் சேற்றில் புரண்ட சட்டை. என் தம்பியுடையது. இரண்டாம் இலக்கம். வெற்றி பெற்றவுடன் கழற்றி என் தலையில் போட்டான், பரிசாம். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனாலும் பையில் வைத்துக் கொண்டுபோகிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். நான் அவனோடு கோபம்.

இல்லை, ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கள். நான் எப்படியும் எழும்பி எழும்பி உட்காருவேன். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து அப்படித்தான். உட்கார முடியவில்லை. உங்களுக்கு ரகர் தெரியுமா, ரக்பி? கண்டி ஆள் என்கிறீர்கள், ரகர் தெரியாமல் எப்படி? பெரிய மெட்ச் நாளில் வீதியில் பப்பரே வாத்தியம் போகும்போது கடையைப் பூட்டுவீர்களே, அதுதான் ரகர். அவ்வளவு தெரிந்தால் போதும். மிச்சத்தை நான் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். நான் நடுவர் இல்லாமல் வாதாடுவதில்லை. கெம்பஸ் விவாத அணியில் நான்தான் முதல் பேச்சாளர். படிப்பது மெய்யியல், அதிலும் தருக்கம். அதனால் ஒழுங்காகச் சொல்வேன், பயப்படாதீர்கள்.

தம்பி பெயர் யதுஷன். ஆறாம் வகுப்பில் கண்டியில் ஒரு பெரிய ஆண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவில் சேர்ந்தான். குண்டுப் பையன். பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் வகுப்புக்குள் எட்டிப் பார்த்து, "இந்தக் குண்டன் யாரு? நாளைக்கு கிரவுண்டுக்கு வா" என்றாராம். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தான். குண்டன் என்று சொன்னதற்காக நான் அடுத்த நாளே பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த மாஸ்டரிடம் நியாயம் கேட்டேன். எனக்கு அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவர் சிரித்தார். ஆனால் நான் கேட்டுவிட்டு வருவதற்குள் இவன் கிரவுண்டில் ஒருவனைத் தள்ளி விழுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். பாருங்கள், அப்போதே. நான் அவனுக்காகச் சண்டை பிடிப்பேன், அவன் எதிரியோடு சேர்ந்து சிரிப்பான்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் கட்டுகஸ்தோட்டையில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார். "தமிழ்ப் பொடியனுக்கு ரகர் எதுக்கு? கழுத்தை முறிச்சிட்டு வந்தா நானா பார்க்கிறது? நேரத்தோட கடையில வந்து நில்லு" என்பார். அப்பாவையும் நான்தான் வாதாடி வென்றேன். மூன்று நாள் வீட்டில் சோறு சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டில் சாப்பிட்டேன், அது வேறு விஷயம்.

இனி முக்கியமான இடம். கவனமாகக் கேளுங்கள்.

பந்து கோட்டுக்கு வெளியே போனால் இரண்டு அணியும் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக நிற்கும். ஒருவன் கோட்டிலிருந்து பந்தை எறிவான். வரிசையில் ஒருவனை இரண்டு பேர் தூக்குவார்கள், அவன் மேலே போய்ப் பிடிப்பான். லைனவுட் என்று பெயர். எறிகிறவன் என் தம்பி. வரிசையில் முன்னுக்கு எறிவானா, நடுவுக்கா, பின்னுக்கா என்பது அவனுடைய ஆட்களுக்கு மட்டும் தெரிய வேண்டும். அதற்குத்தான் கோட், அதாவது சங்கேதம். எறிவதற்கு முன் சத்தமாக ஒரு சொல்லைச் சொல்வார்கள். எதிரிக்கும் கேட்கும், ஆனால் விளங்கக் கூடாது.

அவன் எறிந்து பழகியது எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில். பிடித்தது யார்? நான். தண்ணீர் டாங்கி மேல் ஏறி நிற்பேன், அவன் எறிவான். விரலெல்லாம் வீங்கியிருக்கும். ஒருநாள் அம்மா குசினியிலிருந்து கத்துகிறார், "கடுகு முடிஞ்சிட்டு! உப்பும் இல்ல! புளி வாங்கிட்டு வாங்கடா யாராவது!" இவன் அப்படியே நின்றான். "அக்கா, கடுகுன்னா முன். உப்புன்னா நடு. புளின்னா பின்." அப்படிப் பிறந்தது அந்தக் கோட். சாமான் வாங்க யாரும் போகவில்லை. அன்றைக்கு அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் அடித்தார்.

அதற்கு மேல் ஒரு பூட்டுப் போட்டவள் நான். அதை நீங்கள் மறக்கக் கூடாது. கடுகு, உப்பு என்று மட்டும் கத்தினால் இரண்டு மெட்சில் பிடித்துவிடுவார்கள் என்று சொன்னேன். முன்னால் ஒரு சொந்தக்காரர் பெயரைச் சேர் என்றேன். ஆண் சொந்தம் என்றால் நேர். பெண் சொந்தம் என்றால் தலைகீழ். சித்தப்பா கடுகு என்றால் முன். சித்தி கடுகு என்றால் பின். மாமி புளி என்றால் முன். உப்புக்கு மட்டும் சொந்தம் பந்தம் கிடையாது, எப்போதும் நடு. சிங்களப் பொடியன்கள் எல்லாரும் இதைப் பாடமாக்கினார்கள், ஆன்ட்டி. தினெத் என்று ஒருவன், ஆறடிக்கு மேல், பள்ளிக்கூடத்தில் இவனோடு ஒன்றாக விளையாடியவன். எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஆன்ட்டி, பெரியம்மா ஆணா பெண்ணா?" என்று கேட்டான். அம்மா சிரித்துச் சிரித்து இருமினார்.

பதினாறு வயதுக்குக் கீழ் அணி, பிறகு பள்ளிக்கூடத்தின் முதல் பதினைந்து பேர் அணி. மைதானத்தில் "அத்தை கடுகு!" என்று என் தம்பி கத்த, ஆறடித் தினெத் வானத்துக்குப் போய்ப் பந்தோடு இறங்க, ஆயிரம் பேர் எழும்பி நிற்பார்கள். பள்ளிக்கூடம் முடிந்த உடனே கொழும்பில் ஒரு பெரிய கிளப் இரண்டு பேரையும் எடுத்தது. கிளப்பின் பெயர் சொல்ல மாட்டேன், வம்பு வேண்டாம். பச்சைச் சட்டைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினெத்துக்கு மூன்று வருஷ ஒப்பந்தம். தம்பிக்கு ஒரு வருஷம், பார்த்துவிட்டு மிச்சம் என்றார்கள். சீசன் முடிவில் புதுப்பிக்காவிட்டால் திரும்பிவந்து அப்பாவோடு ஆணி நிறுக்க வேண்டியதுதான். ஏன் ஒருவனுக்கு மூன்று, ஒருவனுக்கு ஒன்று? நான் கேட்டேன். தம்பி சொன்னான், "அக்கா, அவன் ஆறடி மூணு. நான் அஞ்சடி ஏழு." இது ஒரு பதிலா?

சரி. சீசன் தொடங்கியது. அதே கடுகு, உப்பு, புளியோடு பச்சைக்காரர் லைனவுட் எல்லாவற்றையும் அள்ளினார்கள். ஒரு பத்திரிகையில் பாதிப் பக்கம் போட்டார்கள். தினெத்தின் படம். தினெத்தின் பேட்டி. "வானத்தை ஆளும் வீரர்." என் தம்பி பெயர் எங்கே? கடைசி வரியில், மற்ற வீரர்கள் பட்டியலில், அதுவும் பிழையான முதலெழுத்தோடு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தப் பந்து தானாகவா வானத்துக்குப் போனது? அதை அங்கே அனுப்பியது யார்? எந்த மொழி?

எழுதினேன். பின்னே எழுதாமல்? எங்கள் கெம்பஸ் தமிழ்ச் சங்கத்தின் முகநூல் பக்கத்தில் எழுதினேன். தலைப்பு, "ரகர் களத்தில் தமிழ்: மறைக்கப்பட்ட ஒரு வெற்றி." ஒரே இரவில் எவ்வளவு பேர் பகிர்ந்தார்கள் தெரியுமா? கனடாவிலிருந்து ஒருவர் அழுததாக எழுதியிருந்தார். சும்மா உணர்ச்சிவசப்பட்டு எழுதவில்லை, ஆன்ட்டி. ஆதாரத்தோடு எழுதினேன். கடுகு, உப்பு, புளி, ஆண் சொந்தம், பெண் சொந்தம், எல்லாவற்றையும் விளக்கி, வரிசை எப்படி நிற்கும் என்று படமும் கீறிப் போட்டேன். ஆதாரம் இல்லாத கூற்றை யார் நம்புவார்கள்?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

அடுத்த கிழமை நீலச் சட்டைக்காரரோடு மெட்ச். அவர்கள்தான் பரம எதிரி. தம்பி முதல் பந்தை எறிகிறான், "சித்தி கடுகு." பின்னுக்குப் போக வேண்டிய பந்து. நீலக்காரன் அங்கே ஏற்கெனவே வானத்தில் நிற்கிறான்! அடுத்தது "மாமா புளி." அதையும் பறித்தார்கள். அன்றைக்குப் பச்சைக்காரருக்கு ஒரு லைனவுட் கூட உருப்படியாகக் கிடைக்கவில்லை. படுதோல்வி. தினெத் கீழே விழுந்து தோள் இறங்கிவிட்டது. நான் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலக்காரர் நிறைய உழைத்துப் படித்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். யாரோ தமிழ் தெரிந்தவரை வைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம். உடை மாற்றும் அறையில் ஒருவன் சொன்னானாம், "கோட் வெளிய போயிருக்கு. தமிழ்ல கத்துறவன் இவன் ஒருத்தன்தான்." ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பயிற்சியில் இவனோடு கதைப்பதை நிறுத்தினார்கள். கோச் இவனை வெளியே உட்கார வைத்தார். தம்பி எனக்குக் கோல் எடுத்து இதையெல்லாம் சொல்கிறான், குரலில் ஒரு துளி கோபம் இல்லை. களைத்துப்போன குரல். நான் கொதித்துப்போனேன்.

"இது அப்பட்டமான இனவாதம்டா" என்றேன்.

"இனவாதம் இல்லக்கா, கணக்கு. கோட் தமிழ்ல இருக்கு. என்னைக் கேக்காம வேற யாரைக் கேப்பாங்க?"

"நீ சொன்னியா?"

"நான் யார்ட்டயும் சொல்லல."

"அப்ப போய் அதைச் சொல்லேன்டா!"

"சொல்லிட்டேன். யார் சொன்னதுன்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன்." பிறகு, "அக்கா, நீ ஃபேஸ்புக்ல எழுதினத நான் வாசிச்சேன். நல்லா இருந்துச்சு" என்றான். அவ்வளவுதான். பாராட்டிவிட்டு வைத்துவிட்டான்.

நான் சும்மா இருப்பேனா? அடுத்த ட்ரெயினில் ஏறினேன். இதே ட்ரெயின், எதிர்ப்பக்கம். நேரே கோச்சிடம் போனேன். ரிஃபாத் சேர், மலாய்க்காரர், நல்ல தமிழ் பேசுவார். வாசலிலேயே தம்பி மறித்தான். "அக்கா, ப்ளீஸ், வீட்டுக்குப் போ." தள்ளிவிட்டு உள்ளே போனேன். நான்கு கூற்றாகப் பிரித்து வாதாடினேன். "சேர், என் தம்பி இரகசியத்தை விற்றான் என்று நினைக்கிறீர்கள். ஆனால் இது எப்போது இரகசியமாக இருந்தது? மெட்சுக்கு ஒரு கிழமை முன்னாலேயே நான் பகிரங்கமாக வெளியிட்டுவிட்டேனே. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எப்படி ஒருவன் விற்க முடியும்?" என்று போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

சேர் முழுவதையும் வாசித்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். சேர் கடைசியில், "ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க தங்கச்சி" என்றார். பிறகு தம்பியைப் பார்த்து, "ஏன்டா, இது தெரிஞ்சுமா நீ வாயைத் திறக்கல?" என்றார். தம்பி, "எங்கக்கா சேர்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அது என்ன பதில் என்று இன்னும் விளங்கவில்லை. கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் அந்தக் கிழமையே அவனை அணிக்குத் திரும்ப எடுத்தார்கள். வாதத்தின் பலம் பார்த்தீர்களா? எனக்கு யாராவது நன்றி சொன்னார்களா? அதை விடுங்கள்.

ரம்புக்கனை வந்துவிட்டது. இனி மலை ஏறும். காது அடைக்கும், கொஞ்சம் கிட்ட வாருங்கள்.

இறுதி மெட்ச் திரும்பவும் நீலக்காரரோடு. அது நேற்று. அதைப் பொறுத்துத்தான் தம்பியின் ஒப்பந்தம். இடையில் நான் எத்தனை தடவை கேட்டேன், "புதுக் கோட் என்னடா?" சொல்லவே மாட்டான். சின்ன வயதிலிருந்து என்னிடம் எதையும் மறைக்காதவன். "விடுக்கா." "அப்புறம் பார்க்கலாம்க்கா." எனக்கு எப்படி வலித்திருக்கும்? டாங்கி மேல் நின்று விரல் வீங்கியது யாருக்கு?

போன ஞாயிறு தானாகவே கோல் எடுத்தான். "அக்கா, உன்கிட்ட மறைக்க மனசு வரல. புதுக் கோட் சொல்றேன். சொந்தக்காரங்க எல்லாம் இனி சும்மா, அர்த்தம் இல்ல. கடுகுன்னா நடு. உப்புன்னா பின். புளின்னா முன். யார்ட்டயும் சொல்லிராத, என்ன?" எனக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சத்தியமாக. என் அறைத்தோழி நுஸ்ராவிடம் மட்டும், அதுவும் ஒரு வாதத்துக்காக. அவளுடைய மச்சான் நீலச் சட்டையில் விளையாடுகிறான். "உங்க கோட எங்க ஆளுங்க உடைச்சிட்டாங்களே" என்று கெக்கலித்தாள். பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? "அது பழையது, மக்கு. இப்ப புளின்னா என்னன்னு உன் மச்சானுக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் நடுவில் நிறுத்துவது நேர்மை இல்லையே. பிறகு கென்டீனில் இரண்டு பேரிடம், உதாரணத்துக்காக. அவ்வளவுதான்.

நேற்று மழை. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதல் லைனவுட். தம்பி பந்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "சித்தப்பா கடுகு!" என்று கத்தினான். கடுகு என்றால் நடு, எனக்குத் தெரியும். நீலக்காரரும் நடுவில்தான் ஆளைத் தூக்கினார்கள். பந்து முன்னால் போனது! தோளில் கட்டோடு தினெத் அங்கே தனியாகப் பிடிக்கிறான். இவன் பிழையாக எறிந்துவிட்டான் என்று நினைத்தேன். அடுத்தது "மாமி புளி." அது முன்னுக்குத்தான் போனது, சரி. அதையும் தினெத் எப்படியோ எட்டிப் பிடித்தான். அடுத்தது "பெரியப்பா உப்பு." நீலக்காரர் பின்னுக்கு ஓடுகிறார்கள், பந்து நடுவில். அதற்குப் பிறகு "சித்தி கடுகு," பந்து பின்னால்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சித்தி கடுகு, பின். பெண் சொந்தம், தலைகீழ். ஆன்ட்டி, அவன் எதையுமே மாற்றவில்லை! அதே பழைய கோட்! நான் எழுதினேனே, அதே, ஒரு எழுத்து மாறாமல்!

எழும்பி நின்று கத்தினேன், "டேய், இது பழைய கோட்டுடா!" பப்பரே வாத்தியம் பக்கத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது, ஒருவருக்கும் கேட்கவில்லை. நல்லவேளை என்று அவன் சொல்கிறான். நான் சொல்லவில்லை.

கடைசி நிமிஷத்தில் நீலக்காரரின் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு லைனவுட். "மாமா புளி!" மூன்று நீலச் சட்டை முன்னால் பாய்கிறது. பந்து பின்னால் தினெத்திடம். அப்படியே எல்லாருமாகத் தள்ளிக்கொண்டு கோட்டுக்குள் போய் விழுந்தார்கள். வென்றாயிற்று. ரகரில் ஒரு வழக்கம் உண்டு, மெட்ச் முடிந்தால் தோற்றவர்கள் இரண்டு பக்கமும் நின்று கைதட்ட, வென்றவர்கள் நடுவால் நடந்து வருவார்கள். நுஸ்ராவின் மச்சானும் கைதட்டிக்கொண்டு நின்றான். என் தம்பி அவனைக் கடக்கும்போது தோளில் தட்டி ஏதோ சொல்ல, அவன் ஏறிட்டுக் கலரியில் நேரே என்னைப் பார்க்கிறான்!

பிறகு தம்பி வேலியடிக்கு வந்தான். முகமெல்லாம் சேறு, பல் மட்டும் தெரிகிறது.

"தாங்ஸ் அக்கா."

"எதுக்கு?"

"நுஸ்ராக்காவுக்கும் சொல்லு."

என்ன சொல்வது? வேலியைப் பிடித்து உலுக்கினேன். "என்கிட்ட பொய் சொன்னியாடா? சொந்த அக்காகிட்ட? என்னை நம்பலயா நீ?"

"நம்பாமலா?" என்றான். "உன்னை நம்பித்தானேக்கா முழு மெட்சும் ஆடினேன்."

சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி என் தலையில் போட்டான். பின்னால் ரிஃபாத் சேர் குடையோடு வந்தார். "தங்கச்சி, இவனுக்கு ரெண்டு வருஷம் எழுதியாச்சு. அடுத்த சீசனும் நீங்க நம்ம பக்கம்தான், என்ன?" என்றார். நான் எப்போது வேறு பக்கம் இருந்தேன்? கேட்டேன். தினெத் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். இதில் என்ன சிரிப்பு? தருக்கப்படி பாருங்கள். ஒருவனிடம் பொய் சொல்வதும் அவனை நம்புவதும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாகும்? இரவு முழுக்க யோசித்தேன். எங்கோ ஒரு பிழை இருக்கிறது. அவனுடைய பக்கத்தில்தான்.

அதோடு விட்டானா? இன்று காலை கோட்டையில் ட்ரெயின் ஏற்ற வந்தான். ஜன்னலால் தலையை உள்ளே விட்டு, என் காதில், "அக்கா, அடுத்த சீசன் கோட் சொல்றேன்" என்று முழுவதையும் சொன்னான். "யார்ட்டயும் சொல்லிராத, என்ன?" அதே வார்த்தை. முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. ட்ரெயின் வெளிக்கிட்டுவிட்டது. ப்ளட்ஃபோமில் நின்று கை காட்டுகிறான், சின்னதில் பள்ளிக்கூட வேனிலிருந்து காட்டுவானே, அப்படி.

அதுதான் ஆன்ட்டி, என்னால் இருக்க முடியவில்லை. அது உண்மையான கோட் என்றால் நான் வாயைத் திறக்கவே கூடாது. பொய்யான கோட் என்றால் நான் எல்லாரிடமும் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவன் தோற்றுப்போவான். எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவனிடமே கேட்டால் சொல்வானா? சொன்னாலும் நம்பலாமா?

நீங்கள் எங்கே இறங்க வேண்டும், கடுகண்ணாவையா? இல்லையா? கண்டி வரைக்குமா? அப்போ இன்னும் நேரம் இருக்கிறது. அந்தப் பையை இங்கே தாருங்கள், நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாரும் ரகர் விளையாடுவதில்லையே?